பாதி ஏற்றத்தில் நின்ற மலை வண்டி

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் கடற்கரை மணலில் ஒரு மலை வண்டி கட்டினார். தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிதான், ஆனால் தண்டவாளம் தரையில் இருக்காது. சவுக்குக் கழிகளின் மேல் மேடும் பள்ளமுமாகப் போகும். உச்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டால் வண்டி தானாக இறங்கும், அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறும், மறுபடி இறங்கும். இப்போது பிள்ளைகள் ரோலர் கோஸ்டர் என்கிறார்களே, அதுதான். அவர் கல்யாணத்துக்கு முன்னால் கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலை பார்த்தவர். பிரெஞ்சு தேசத்து மர்சேய் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது அங்கே ஒரு திருவிழாவில் அதைப் பார்த்தாராம். அதிலிருந்து அந்த நினைப்பு அவரை விடவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கப்பல் வேலை நின்றுவிட்டது. சாரம் என்ற பேட்டையில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். வேலை தேடிப் போகிறேன் என்று காலையில் கிளம்புவார். சாயங்காலம் வந்து தரையில் கரித்துண்டால் மேடு பள்ளமாகக் கோடு போட்டுப் பார்ப்பார். மாசி மகத்துக்குச் சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடலுக்கு வரும், ஜனம் திரண்டு நிற்கும், அந்தக் கூட்டத்தில் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

"மெட்ராஸ்லேர்ந்து வர்ற ராட்டினத்துக்கு இஞ்சின் வேணும், எண்ணெய் வேணும், ஓட்றவனுக்குச் சம்பளம் வேணும். இதுக்கு என்னா வேணும்? மேல ஏத்தி வுட்டா கீழ இழுக்கறது பூமி. பூமி கூலி கேக்குமா?" என்பார்.

அந்தக் காலத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்ப்பேன்.

சொன்னபடியே சிக்கனமாகத்தான் கட்டினார். கடலுக்குள் நீண்டிருந்த துறைமுகப் பாலம் புயலில் போன பிறகு, அதன்மேல் மூட்டை தள்ளிக்கொண்டு போன வண்டியும் தண்டவாளத் துண்டுகளும் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்தன. எடைக்கு வாங்கினார். கழிகளைப் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தார். உட்காரும் பலகை, உடைந்த படகிலிருந்து கழற்றியது. ஒரு மாடி உயரத்துக்கு ஒரு மேடை, அதிலிருந்து நேராக ஒரு சரிவு, பிறகு ஒரு மேடு, அதைவிடச் சின்னதாக இன்னொரு மேடு, கடைசியில் மணல் குவியல். வளைவு என்று எதுவும் இல்லை. வளைத்தால் செலவு அதிகம் என்றார்.

வண்டியை மேடைக்கு இழுத்து ஏற்றத்தான் ஆள் வேண்டியிருந்தது. குருசுக்குப்பத்தில் கரைவலை இழுக்கிற ஆட்களைப் போய்க் கேட்டார். தினக்கூலி கொடுக்கக் கையில் இல்லை. அவர்களுடைய தலைவர், தாடி வைத்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கூலி யாரு கேட்டா? வலை இழுத்தா எப்படியோ அப்படித்தான். வண்டிக்கு ஒரு பங்கு, ஒனக்கு ஒரு பங்கு, மிச்சம் இழுக்கறவனுக்கு. ஒண்ணும் படலன்னா எல்லாரும் வெறுங்கையோட வூட்டுக்குப் போவோம். ஆனா ஒண்ணு, கயிறு எங்க கையில. எங்களுக்கு ஒப்பலன்னா இழுக்க மாட்டோம்."

என் வீட்டுக்காரர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். செலவில்லாமல் வேலை முடிகிறதே. பெண்களிடம் சீட்டு வாங்க ஒரு பொம்பளை வேண்டும் என்று தாடிக்காரருடைய சம்சாரத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் மீன் விற்கிறவள். அவள் பேசினால் கடற்கரைக்கே கேட்கும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அப்போது நான் மூன்று மாதமாகத் தீட்டுக் குளிக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. இது தங்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. அது அவருக்குத் தெரியாது. எங்கள் ஜனத்தில் இதைப் பெண்சாதி புருஷனிடம் சொல்லுகிற வழக்கம் கிடையாது. மாமியார் கண்டுபிடிப்பாள், அல்லது அம்மா வந்து பார்த்துவிட்டு, மாமியார் காதில் போடுவாள். அவர்கள் வழியாகப் புருஷனுக்குப் போகும். எனக்கு இரண்டு பேரும் இல்லை. பக்கத்து அறையில் இருந்தவர்கள் வேற்று ஆட்கள். சொல்லலாம் என்று சில நாள் வாயைத் திறந்தேன். "என்னா?" என்பார். "ஒண்ணும் இல்லை" என்பேன்.

மகத்துக்கு முன்னால் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். மூட்டைகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் முதல் சாயங்காலம் ஜனம் சுற்றி நின்றதே தவிர ஒருவரும் ஏறவில்லை. நாட்டுப்புறத்துக்காரர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"மூட்டை போச்சு, சரி. மூட்டைக்கு உசுரு இருக்குதா? மொதல்ல ஒன் வூட்டு ஆளை ஏத்து, பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சீட்டு டப்பாவோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

"வா, சும்மா உக்காரு. நான் மேலேர்ந்து வுடறேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கீழ."

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? போய் உட்கார்ந்தேன். ஏலேலோ போட்டு இழுத்தார்கள். மேடையில் அவர் வண்டியைப் பிடித்திருந்த கொக்கியைத் தட்டினார். அவ்வளவுதான். வயிறு எழும்பி நெஞ்சுக்குழியில் வந்து நின்றது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அலறியது நான்தான் என்று வண்டி நின்ற பிறகே தெரிந்தது. ஜனம் கை தட்டியது. பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "நல்லாத்தான் உக்காந்த. ஆனா வவுத்த ஏன் புடிக்கிற? கம்பியப் புடி. பாக்கறவன் பயந்துருவான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விளக்கைத் தூண்டப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் முதல் ஓட்டம் நான்தான் என்று ஆகிவிட்டது. ஒரு கையால் கம்பியைப் பிடிப்பேன், இன்னொரு கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சரிவில் இறங்கும்போது ஒரு சந்தோஷமும் இருந்தது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. ஒருவரும் தப்பாக நினைக்காமல் நான் கத்தக்கூடிய இடம் அது ஒன்றுதான். வண்டி நின்றதும் பயம் வந்துவிடும். கழிகளுக்குப் பின்னால் போய்ச் சேலையைப் பார்த்துக்கொள்வேன். ஏதாவது பட்டிருக்கிறதா என்று. இல்லையென்றால் மூச்சு வரும்.

மீன்காரம்மாள் அதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் வெற்றிலையை மென்றபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, எத்தினி மாசம்?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்கிட்டயே இல்லங்கிறியா? நான் கிட்ட வந்தாலே மூக்கப் பொத்திக்கினு ஓடற. போன வாரம் ஓடலியே. ஆறு பெத்தவடி நான்."

நான் மறுபடியும் தலையாட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மகத்தன்றைக்குக் கால் வைக்க இடமில்லாத கூட்டம். சாமிகள் கடலில் இறங்கிக் கரையேறின. வெயில் தாழ்ந்ததும் வண்டியைச் சுற்றி ஜனம் நெருக்கியடித்தது. அவர் மேடையில் நின்று எனக்குக் கை காட்டினார். எனக்குக் காலையிலிருந்தே இடுப்பில் வலி. மீன்காரம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். கயிறு இறுகியது. பாதி ஏறியிருப்பேன், கீழேயிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

"நிறுத்துங்கடா! கயித்த நிறுத்துங்க!"

வண்டி அப்படியே சரிவில் நின்றது. மேலேயிருந்து அவர், "ஏன் நிறுத்திட்டீங்க? இழுங்க!" என்றார்.

"எங்க இழுக்கறது? ஒம் பொண்டாட்டி முழுகாம இருக்கா, தெரியுமா தெரியாதா? மர்சேய் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தியே கப்பக்காரரே, வூட்டுக்குள்ள இருக்கறது கண்ணுல படலியா?"

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு சிரிப்பு. நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கைகளில் இருந்தது என் உயிர்.

"இந்த ஒரு தபா இழுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னார். சொன்னாரா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, இன்றைக்கு வரை நிச்சயமில்லை. தாடிக்காரர் பதில் சொன்னது நிச்சயம்.

"ஒப்பலன்னா இழுக்க மாட்டோம்னு அன்னிக்கே சொன்னேன். டேய், மெதுவா வுடுங்கடா. படகு எறக்கற மாதிரி."

அலை பார்த்துப் படகை இறக்குகிறவர்கள். ஒரு குலுங்கல் இல்லாமல் என்னைக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். கூலிக்கு வந்த ஆளாக இருந்தால் மேலே நின்ற முதலாளி சொன்னதைத்தான் கேட்டிருப்பான். இவர்கள் அன்றைய தங்கள் பங்கையும் வேண்டாமென்று விட்டார்கள். ஏனென்றால் அதற்குப் பிறகு ஒருவரும் ஏறவில்லை. "பொண்டாட்டிக்கு ஆவாதது நமக்கு ஆவுமா?" என்று யாரோ சொன்னது ஒவ்வொரு வாயாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் தனியாகவே உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். திரும்பத் திரும்ப ஓட்டினார். ஜனம் பார்த்தது, கலைந்து ராட்டினத்துப் பக்கம் போனது.

வீட்டில் அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சில நாளில் வண்டியும் தண்டவாளமும் எந்தக் கடையிலிருந்து வந்தனவோ அதே கடைக்குப் போயின. மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கிவந்து வைப்பார். பேச மாட்டார்.

ஆவணியில் பெண் பிறந்தாள். உயிரோடு பிறந்தாளே என்று அழுதேன். ஆனால் மற்ற பிள்ளைகள் உட்காரும் வயசில் அவள் உட்காரவில்லை. நடக்கும் வயசில் நிற்கவில்லை. இடது கால் சும்மா தொங்கும். மில் விட்டு வந்ததும் அவர் அந்தக் காலைத்தான் முதலில் பார்ப்பார். நானும் பார்ப்பேன். அவர் பார்ப்பதை நான் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இரண்டு பேர் மனசிலும் அந்தச் சரிவுதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த அறையில் நாங்கள் இப்படித்தான் இருந்தோம்.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வயசானவர், நம்மவர்தான், பாதி பிரெஞ்சில் பேசுவார். காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அந்த வண்டியைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எத்தனை உயரம், எப்படி இறங்கும், எல்லாம். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"அதாலயா முசியே?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாலதான்னும் சொல்ல முடியாது, அதால இல்லைன்னும் சத்தியம் பண்ண முடியாது. வண்டியில ஏறாத பொம்பளைக்கும் இப்படிப் பொறக்கும். எண்ணெய் தேய்ச்சுக் காலை நீட்டி மடக்குங்க. நடப்பா, கொஞ்சம் இழுத்து நடப்பா."

நடந்தாள். இன்றும் இழுத்துத்தான் நடக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கடற்கரைச் சாலை வழியாக வந்தோம். பிள்ளை அவர் தோளில் தூங்கிவிட்டாள். வெகு தூரம் வந்ததும் திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"யார் வந்து சொல்லணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரல." கொஞ்சம் நடந்த பிறகு, எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, "நீங்க கேக்கவும் இல்லையே" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"கேக்கணும்னு எனக்குத் தெரியல" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப ஏதாவது இருக்குதா?" என்றார்.

இருந்தது. நான்கு வாரமாக அதை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்தபடி, "இருக்கு" என்றேன்.

பிள்ளை விழித்துவிடாமல் இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். எத்தனாவது மாசம் என்று கேட்டார். சொன்னேன்.