கோமளாக்காவும் லிஸ்ட்டுல இல்லாத கதவும்

கோமளாக்கா போயிட்டாங்க. காலைல பால் வாங்கப் போன எடத்துல நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாங்களாம்... ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

ஐம்பத்திரண்டு வயசு. இதெல்லாம் ஒரு வயசா?

உங்கள்ல நிறைய பேருக்கு அவங்களத் தெரியாது. ஆனா நான் வேலை செய்யற ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்க வந்திருந்தீங்கன்னா, நீங்க உட்கார்ந்த சீட்டைத் துடைச்சு வச்சது அவங்க டீம்தான். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்.

இந்தப் போஸ்ட்டை எங்க மேனேஜரும் பார்ப்பாரு. பார்க்கட்டும்.

நான் அங்க ஹெல்ப்டெஸ்க். ஸ்டேடியத்துல இருக்கற ஒவ்வொரு லைட்டுக்கும், குழாய்க்கும், கதவுக்கும் சாஃப்ட்வேர்ல ஒரு நம்பர் உண்டு, மேல ஒரு ஸ்டிக்கர் உண்டு. ரிப்பேர்னா அந்த ஸ்டிக்கரை ஃபோன்ல ஸ்கேன் பண்ணணும், கம்ப்ளைன்ட் என் ஸ்க்ரீனுக்கு வரும். நாலு மணி நேரத்துல சரி பண்ணலைன்னா மேனேஜர் ஸ்க்ரீன்ல சிவப்பாயிடும்.

திண்டுக்கல்லேர்ந்து வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம்... கோமளாக்கா என் டேபிள் முன்னாடி வந்து நின்னாங்க.

"கண்ணு, எங்க ரூமுக்கு ஒரு ஸ்டிக்கர் குடு."

அவங்க ரூம்னா தெற்கு கேலரிக்குக் கீழ, ஜெனரேட்டருக்குப் பின்னாடி. முப்பது பொம்பளைங்க யூனிஃபார்ம் மாத்தற எடம், ஒரே ஒரு டாய்லெட். தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ள போறவங்க கதவை அவங்களே இழுத்துப் பிடிச்சுக்கணும், இல்லைன்னா இன்னொருத்தர் வெளிய நின்னு பிடிச்சுக்கணும்.

தேடிப் பார்த்தேன். லிஸ்ட்டுலயே இல்ல. "சிஸ்டம்ல அப்படி ஒரு ரூமே இல்லக்கா..."

"இல்லாத ரூம்லயா நாங்க துணி மாத்திகினு கீறோம்?"

"ஹெட் ஆபீஸ் லிஸ்ட்டுக்கா. நான் எதாவது சேர்த்தா சிஸ்டம் ஒத்துக்காது."

"சிஸ்டம் இன்னா உன் மாமியாரா, ஒத்துக்காம போறதுக்கு?"

நான் சிரிச்சிட்டேன். அவங்க சிரிக்கல.

அடுத்து ஒரு பெரிய மேட்ச் வாரம். விஐபி பாக்ஸ் லேடீஸ் டாய்லெட்லேர்ந்து ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சு. "தாழ்ப்பா இல்ல. கதவ கையால புடிச்சுகினு கீறோம்." கூடவே ஃபோட்டோ... தகரக் கதவு!

தப்பான எடம்னு போட்டு ரிஜெக்ட் பண்ணேன். திரும்ப வந்துச்சு. ரிஜெக்ட். திரும்ப வந்துச்சு. ரிஜெக்ட்.

நாலாவது தடவை அந்த ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். கதவோட ஓரத்துல உள்ளேர்ந்து ஒரு பொண்ணோட விரல் தெரிஞ்சுது. கதவை இழுத்துப் பிடிச்சிட்டிருக்கா.

அப்ரூவ் பண்ணிட்டேன்.

விஐபி பாக்ஸ்னு பார்த்ததும் மேனேஜர் கார்பென்டரைக் கூட்டிட்டு மாடிக்கு ஓடினாரு. நானும் பின்னாடியே ஓடினேன். அங்க தாழ்ப்பாள் பளபளன்னு இருக்கு. பக்கத்துல கோமளாக்கா நிக்கறாங்க.

"பொய் கம்ப்ளைன்ட் குடுத்தா வேலை போயிடும், தெரியும்ல?"

"எடந்தான் சார் பொய்யி. கதவு நெஜம். கீழ வந்து பாருங்க."

அவர் கத்திட்டே இருந்தாரு. கார்பென்டர் அண்ணன்தான், "இவ்ளோ தூரம் பையத் தூக்கிட்டு வந்துட்டேன் சார், போட்டுட்டே போயிடறேன்"னு கீழ இறங்கிட்டாரு. பத்தே நிமிஷ வேலை.

"இதை யாரு அப்ரூவ் பண்ணது?"ன்னு மேனேஜர் என் பக்கம் திரும்பினாரு. கோமளாக்கா குறுக்க வந்தாங்க.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா சார் தெரியும்? நாந்தான் மேல கீற ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணி ஏமாத்தினேன்."

நான் தரையைப் பார்த்துட்டு நின்னேன். அன்னிக்கு வாயைத் திறந்திருக்கணும், திறக்கல. இப்போ எழுதறேன்... எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் விட்டேன்.

அவங்களுக்கு மெமோ. சூப்பர்வைசர் பேட்ஜைக் கழட்டி வாங்கிட்டு, கார் பார்க்கிங் கேட்ல நிறுத்தினாங்க. சித்திரை, வைகாசி வெயில்ல ரெண்டு மாசம். ஒரு குடை கூட குடுக்கல.

அந்த ரெண்டு மாசத்துல நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஹெட் ஆபீஸுக்கு அனுப்பற புது லிஸ்ட்டுல, ஆயிரக்கணக்கான வரிக்கு நடுவுல அஞ்சு வரி சேர்த்தேன். பெண் பணியாளர் அறை. கதவு, குழாய், லைட், ஃபேன், தாழ்ப்பாள். யாரும் கவனிக்கல, அப்படியே பாஸ் ஆகி வந்துடுச்சு.

ஸ்டிக்கர் பிரின்ட் எடுத்து கேட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. தேங்க்ஸ்லாம் சொல்லல. "ஃபேன் ஓடல கண்ணு, அத்த மொதல்ல கம்ப்ளைன்ட் போடறேன்"னாங்க.

போட்டாங்க. அப்புறம் குழாய். அப்புறம் லைட். மேனேஜர் ஸ்க்ரீன் சிவக்கச் சிவக்கப் போட்டாங்க. "இதெல்லாம் எப்படி வருது?"ன்னு என்கிட்ட கேட்டாரு. "லிஸ்ட்ல இருக்கு சார்"னேன். இந்தத் தடவை தரையைப் பார்க்கல.

பேட்ஜ் திரும்ப வந்துடுச்சு. முப்பது பேரை மேய்க்க வேற யாராலயும் முடியல, அதான்.

இன்னிக்குக் காலைல ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல மெசேஜ். "ஒரு ஹவுஸ்கீப்பிங் ரிசோர்ஸ் காலமானார். மேட்ச் இருப்பதால் யாருக்கும் விடுப்பு இல்லை."

ரிசோர்ஸாம்.

அவங்க பேரு கோமளா. ஊடு பாரிவாக்கம். இதையே குரூப்லயும் போட்டிருக்கேன். டெலீட் பண்ணச் சொல்லி மூணு கால் வந்துச்சு. பண்ணல.

வேலப்பன்சாவடில நான் ஸ்டாஃப் வேன்ல ஏறினப்போ உள்ள கோமளாக்கா டீம்தான் இருந்தாங்க. எல்லார் கண்ணும் சிவந்திருந்துச்சு. அப்புறம் பின் சீட்லேர்ந்து சரசக்கா டிரைவரைக் கூப்பிட்டு, "அண்ணாத்தே, பாரிவாக்கம் உடு"ன்னாங்க.

அவரு உடனே வண்டியைத் திருப்பிட்டாரு.

வந்துகினே கீறோம்க்கா.