மருதோண்டி நிறத்தில் ஓர் ஒப்பம்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மாமா, எனக்கு ஒரு மைப்பேனையும் ஒரு போத்தல் மையும் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மை நீலமாக இருக்குமென்று நினைத்துத் திறந்தேன். சிவப்பும் கபிலமும் கலந்த நிறம். பெருநாள் காலையில் மருதோண்டியைக் கழுவியதும் உள்ளங்கையில் தெரியுமே, அது.

அன்று முழுக்க எழுதிப் பார்த்தேன். கலண்டரின் பின்பக்கம், சீனிப் பை, மாமாவின் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டு, எல்லாவற்றிலும் என் பெயர். அழுத்தினால் கறுத்தது, மெல்ல இழுத்தால் செங்கல் தூள்போல வெளிறியது. வீட்டிலுள்ள எல்லோரும் அந்த மையால் ஒருமுறையாவது எழுத வேண்டுமென்பது நான் போட்ட சட்டம். உம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார். மிச்சமிருந்தவர் வாப்பா.

வாப்பாவுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கும் கடை. வீட்டில் அவர் பேனை தொடுவது அபூர்வம். ஆனால் அந்த வாரம் அவர் ஒப்பமிட வேண்டிய தாள் ஒன்று இருந்தது. எனக்கு மூத்தவளான ராத்தா சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். அடுத்து உயர்தர வகுப்பில் சேர்வதற்கான பாடசாலைப் படிவம் அது. அவளுக்குக் கணிதம் படிக்க ஆசை. வாப்பாவோ கலைப் பிரிவுதான் என்றார். கணிதமென்றால் பின்னேர வகுப்புக்குப் போய் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு இருட்டில் தனியாக வரவேண்டும் என்பது அவர் பயம். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்தா ‘கலை’ என்றே நிரப்பி, படிவத்தை வாப்பாவின் முன்னால் வைத்தாள்.

நான் பேனையோடு பாய்ந்தேன்.

“வாப்பா, என்ட பேனையால போட்டுப் பாருங்க!”

“இது என்ன மகள், தேத்தண்ணிச் சாயமா?” என்று சிரித்தவர், ராத்தாவைப் பார்த்தார். “இதால போட்டாப் பரவாயில்லையா?”

ராத்தா கொஞ்சம் யோசித்தாள். “போடுங்க வாப்பா. சின்னவள் ஆசைப்படுறாள்.”

வாப்பா வாசிக்காமலே, வழக்கத்தைவிடப் பெரிதாக ஒப்பமிட்டார். அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அடுத்த நாள் பாடசாலையில் படிவத்தை ஏற்கவில்லை. நீலம் அல்லது கறுப்பு மை மட்டும்தானாம். ராத்தா புதுப் படிவத்தோடு வந்தாள். உம்மா என்னை ஏசிய ஏச்சில் நான் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டேன்.

பின்னேரம் ராத்தா மறுபடியும் படிவத்தை நீட்டினாள். ஒருமுறை திரும்பி வந்த தாள் என்பதால், வாப்பா இம்முறை விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“கணிதம் எண்டு கிடக்கு?”

“ஓம் வாப்பா. நேற்று உங்கட விருப்பத்த எழுதினன். இண்டைக்கு என்ட விருப்பத்த எழுதியிருக்கன். வேணாமெண்டா ஒப்பம் போடாதீங்க.”

அடுப்படியில் உம்மா அகப்பையைக் கீழே வைத்தார். வாப்பா படிவத்திலிருந்து விரலை எடுத்தார்.

“வகுப்பு எத்தின மணிக்கு முடியும்?”

“ஆறரைக்கு.”

“நான் கடையப் பூட்டிட்டு வந்து நிக்கிறன். நான் வருமட்டும் நீ வாசலத் தாண்டப்படாது.”

சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார். நான் என் பேனையை நீட்டினேன். அவர் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, சாதாரண நீலப் பேனையால் ஒப்பமிட்டார்.

நான் தரையில் விழுந்து அழுதேன். ராத்தா என்னை வாரித் தூக்கினாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது. என் பேனைக்கு நேர்ந்த அவமானத்துக்காகத்தான் அவளும் அழுகிறாள் என்று நம்பினேன்.

ஏழு வருடம் கழித்து அதே படிவம் என் கைக்கும் வந்தது. மை பற்றிய அறிவுறுத்தல் முதல் வரியிலேயே, தடித்த எழுத்தில் இருந்தது. ராத்தா அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். உடனே தொலைபேசியில் அவளை அழைத்து, அன்று அந்த வரியை வாசிக்கவில்லையா என்று கேட்டேன்.

“வாசிக்காம ஆராவது படிவம் நிரப்புவாங்களா?” என்றாள் ராத்தா.