ஆட்டுத்தோல் வைத்த காற்சட்டை

எண்பதுகளின் நடுவில் எனக்கு நாற்பத்து மூன்று வயது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் உத்தியோகம் எனக்கு. உட்கார்ந்தபடியே செய்கிற உடற்பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்காமல், "சைக்கிள்" என்றார்.

தனியாக ஓட்ட வெட்கமாக இருந்ததால் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் என் மனைவியின் அண்ணன். குனோங் ராபாட்டில் வீடு, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். எதையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்வார். நாய் வாங்குவதற்கு முன்னால் நாயைப் பற்றி மூன்று புத்தகம் படித்து, கடைசியில் நாய் வேண்டாம் என்று முடிவு செய்தவர். இன்னொருவர் சிலிபினில் சாப்பாட்டுக் கடை நடத்திய தமிழ் முஸ்லிம். ஐம்பதைத் தொட்டிருந்தார். ரொட்டி வீசி வீசித் தோள்கள் திரண்டிருக்கும். வீசிய ரொட்டியில் ஒரு பங்கு வயிற்றில் தங்கியிருக்கும். சிலிபின் முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படியே.

முதல் ஆறு மாதம் கையில் கிடைத்த உடுப்போடு ஓட்டினோம். நான் அலுவலகத்துப் பழைய காற்சட்டையைக் கணுக்காலில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிக்கொள்வேன். மச்சானுக்குப் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று அணியும் வெள்ளை உடுப்பு. நானா கைலியை முட்டி தெரியாமல் மடித்துக் கட்டியபடி, தன் மகளின் சைக்கிளில் வருவார். எங்களை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு குறையும் இல்லாமல் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குனோங் ராபாட் மலையடிவாரத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பத்துப் பதினைந்து இளைஞர்கள். பந்தயத்துக்குப் பழகுகிறவர்கள். தோலோடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை, பளிச்சென்ற மேல்சட்டை. எங்களைக் கடந்து வளைவில் மறைந்துவிட்டார்கள். மச்சான் சைக்கிளை நிறுத்தினார்.

"பாத்தீங்களா மாப்ள? காத்து அவங்க மேல நிக்கவே மாட்டேங்குது."

"நம்ம மேல நிக்குதா?"

"உங்க சிலுவார் கப்பல் பாய் மாதிரி பொடச்சிக்கிட்டு இருக்கு. நானா கைலியச் சொல்லவே வேணாம். அதான் நமக்கு வேகம் வரல."

இரண்டு மைலுக்கு ஒரு தரம் நாங்கள் தேநீர் குடிக்க நிற்பதை யாரும் குறிப்பிடவில்லை. காற்றுதான் குற்றவாளி என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனர் சைக்கிள் கடைக்குப் போனோம். கடை முதலாளி தவுக்கே எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கா?" என்று மலாயில் கேட்டார். எங்களுக்குத்தான் என்றோம். உள்ளே போய், கடையில் இருந்ததிலேயே பெரிய அளவைக் கொண்டுவந்தார். என் கைக்கு மாட்டலாம் போல இருந்தது. இழுத்தால் விரியும் என்று இழுத்துக் காட்டினார்.

காற்சட்டைக்குள் உட்காரும் இடத்தில் மெத்தென்று ஒரு தோல் தைத்திருந்தது. நானா அதைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"தவுக்கே, இது என்ன தோலு?"

"கம்பிங்லா, கம்பிங். ஆடு" என்றார் தவுக்கே.

"நிச்சயமா ஆடா?"

தவுக்கே தன் அம்மா மேல் சத்தியம் செய்தார். முப்பது வருடம் ஆட்டுக்கறி சமைத்தவர் நானா. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, ஆடுதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மார்க்கப்படி முட்டி வெளியே தெரியக் கூடாது. கடையில் கட்டியிருந்த திரைத் துணிக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தார். கீழே இழுத்து முட்டியை மூடினால் தொப்பை மொத்தமாக வெளியே வந்தது. தொப்பையை மூடினால் முட்டி வந்தது. கால் மணி நேரம் இந்தப் போராட்டம் நடந்தது. கடைசியில் முட்டிக்குத்தான் மரியாதை கிடைத்தது. தொப்பையை மஞ்சள் மேல்சட்டை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

அந்த மஞ்சள் சட்டையின் நெஞ்சில் பெரிய எழுத்தில் ஏதோ வெளிநாட்டுச் சொல் இருந்தது. வீரன் என்றோ வேகம் என்றோ பொருள் இருக்கும் என்று நினைத்தோம். மச்சான் அகராதி தேடிப் படித்து ஒரு வாரம் கழித்துச் சொன்னார்: குளியலறைத் தொட்டி செய்யும் கம்பெனி விளம்பரமாம்.

என் மனைவி காற்சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பேரனுக்கா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"ஆமான்னுட்டேன். நமக்குப் பேரன் இல்லங்கிறது அவங்களுக்கு ஞாபகம் வர்றதுக்குள்ள உள்ள எடுத்துட்டு வந்துட்டேன்."

அந்த வார ஞாயிறு, வெயிலுக்குப் பயந்து பெரிய சாலையை விட்டு ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் புகுந்தோம். மரங்களில் பாதியை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். நிழலில் செம்மண் பாதையில் நன்றாகத்தான் போனது. நானா முட்டியை மறைக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நின்றார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து, கோப்பேங் பக்கம் பெரிய சாலையில் வெளியே வந்தோம்.

சாலையில் காடி, லாரி ஒன்றும் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் விசிலை ஊதி, கையை வேகமாக வீசி, போ போ என்றார். அப்போதும் எங்களுக்குப் புரியவில்லை. போலீஸ் போகச் சொன்னால் போவதுதானே வழக்கம். வளைவைத் தாண்டினோம். சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். பிள்ளைகள் கையில் காகிதக் கொடிகள். மேசை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மைக்கோடு நின்றார். அன்று அந்த வழியாக ஒரு பெரிய சைக்கிள் பந்தயம் போகிறது என்பது ஈப்போவில் எங்கள் மூவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"வந்துட்டாங்க! மொத ஆளுங்க வந்துட்டாங்க" என்றார் கிராணி. பிறகு குரல் தழுதழுத்தது. "மூனு பேரும் நம்ம ஆளுங்க. தமிழ் ஆளுங்க. கை தட்டுங்க."

கூட்டம் எழுப்பிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"நிக்காதீங்க" என்று மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நின்னா கேவலம். ஓட்டுங்க."

"எது வரைக்கும்?"

"கூட்டம் முடியற வரைக்கும்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அரை மைல் நான் ஓட்டியதுபோல் வாழ்நாளில் ஓட்டியதில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். முதுகை வளைத்தேன். ஒரு கட்டத்தில் பின்னால் வருகிறவர்கள் எங்களைப் பிடித்துவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன். நானா இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வந்தார்.

பந்தயக்காரர்கள் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும் என்று பெண்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நாலு வாளித் தண்ணீர் நானா மேல் விழுந்தது. உள்ளே இருந்த ஆட்டுத்தோல் அத்தனையையும் குடித்தது. கனம் தாங்காமல் காற்சட்டை கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தவர், சாலை மேடாக ஆரம்பித்த இடத்தில் நின்றேவிட்டார். இறங்கித் தள்ளினார். எனக்கும் மூச்சு வாங்கியது. ஒரு பால்மரத் தொழிலாளி ஓடிவந்து, "விட்டுறாதீங்க அண்ணே" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கும் கலங்கியது.

அப்போதுதான் பின்னால் அந்த ஸ்ஸ் சத்தம். நாற்பது ஐம்பது சைக்கிள்கள், முன்னால் மோட்டார் சைக்கிள் போலீஸ். எங்களைக் கடக்க அவர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். என் முதுகிலிருந்து அந்தக் கை மெல்ல எடுக்கப்பட்டது.

ஒலிபெருக்கியில் கிராணி இருமுவது கேட்டது. வாளி வைத்திருந்த ஓர் அம்மாள் நானாவிடம் வந்தார்.

"அப்ப நீங்கல்லாம் யாரு?"

நானா காற்சட்டையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்: "நாங்க கொஞ்சம் முன்னாடியே கெளம்பிட்டோம்."

அந்த அம்மாள் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் சிரித்தது. என்னைத் தள்ளியவர் மட்டும் சிரிக்க நேரம் எடுத்துக்கொண்டார். கிராணி நடந்துவந்து எங்களை மேசைக்குக் கூட்டிப்போனார். பந்தயக்காரர்களுக்கென்று கலக்கி வைத்த இனிப்புச் சிராப் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் இருந்தது. அவர்கள்தான் நிற்கவில்லையே. நாங்கள் ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்தோம். யாரோ நானாவுக்கு ஒரு கைலி கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து கோப்பேங் போட்டோ கடைக்காரர் ஒருவர் விசாரித்து விசாரித்து நானா கடைக்கு வந்தார். பந்தயத்தைப் படமெடுக்க வந்து, முதலில் வந்த எங்களை எடுத்துவிட்டாராம். நானா அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். யாராவது, "நானா, எத்தனையாவதா வந்தீங்க?" என்று கேட்டால், "அந்த மேடு வரைக்கும் நாங்கதான் முன்னாடி" என்பார். அதில் பொய் இல்லை.

எனக்கும் ஒரு படம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். நானா பல்லெல்லாம் தெரியக் கையசைக்கிறார். மச்சான் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார். நான் கண்ணைச் சுருக்கி, தாடையை இறுக்கி, உலகத்தையே தோற்கடிக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அதில் நான் கொட்டாவி விடுவதுபோல் இருந்தேன்.

"தாலி கட்டையில இந்த மொகத்த எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.