ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்ட நாய்

வலி தாங்காமல் உறுமும் நாய்க்கும், கடிக்கப்போகும் நாய்க்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால் காவிரி. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த நாய் இங்கே இருந்தது. செம்பழுப்பு நிற நாட்டு நாய். என் மகள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள்.

குறுவை அறுத்து வாசலில் வைக்கோல் போர் போட்டதும் நாய் அதன் அடியில் படுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு அதன் போக்கு மாறியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறும். காதைச் சுவரில் வைத்துத் தேய்க்கும். கிட்டே போனால் புளித்த மாவு போல ஒரு வாடை. கூப்பிட்டால் வராது. சோறு வைத்தால் பாதியை விட்டுவிடும். மாமியாரிடம் சொன்னேன்.

"நாய்னா தலைய ஆட்டத்தான் செய்யும். நீ என்னம்மா, அதுக்கும் தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கப்போறியா?" என்றார்.

கணவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை டாக்டர் இருக்கமாட்டாருங்க."

"அப்ப திங்கக்கிழமை."

திங்கட்கிழமைகள் வந்து போயின. நானும் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை. குழந்தைக்குச் சளி என்றாலே நான் அதிகம் பயப்படுகிறேன் என்று பெயர் வாங்கியவள். நாய்க்காகவும் ஒரு பெயர் வாங்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகள் நாயின் காதுக்குள் விரலை விட்டாள். முதலில் உறுமல்தான் கேட்டது. அப்புறம்தான் பல் பட்டது. அந்த உறுமலுக்கும் பல்லுக்கும் நடுவில் நாய் என்னைத் திரும்பிப் பார்த்ததாகச் சில நாள் தோன்றும். சில நாள், அப்படி எதுவும் நடக்கவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது என்று தோன்றும்.

மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல், லேசான ரத்தம். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "எந்தத் தவணையும் விடாம ஊசி போட்டுடுங்க. நாயை அடிச்சு விரட்டிடாதீங்க. கட்டிவச்சு பத்து நாள் கவனிங்க. அது நல்லா இருந்துச்சுன்னா பயம் இல்ல."

நாயைக் கொல்லையில் தென்னை மரத்தில் கட்டினோம். மாமனார் எட்ட நின்று குனிந்து பார்த்தார். காதோரம், கழுத்து, கால் இடுக்கு எல்லாம் உண்ணி.

"இதுதான் அதைப் பாடாப்படுத்துது" என்றார். அவருக்கு அந்த நாய்மேல் பிரியம் உண்டு. இலைச்சுருட்டுப் புழுவுக்கு வாங்கி மீந்திருந்த பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து எடுத்து வந்தார்.

"மாமா, அது பயிருக்கு அடிக்கிறதுங்களே. நாய் நக்குமே" என்றேன்.

"புழுவே சாகுது, உண்ணி சாகாதா? மாட்டுக்கெல்லாம் எத்தனை தடவை தடவியிருக்கேன்" என்று, ஒரு கம்பில் துணியைச் சுற்றி நனைத்துத் தலையிலிருந்து வால்வரை பூசினார்.

மத்தியானத்துக்குள் நாய்க்கு வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பின்னங்கால்கள் நடுங்கின. எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்தது. மாமியார் கொல்லைக் கதவைச் சாத்தினார்.

"நுரை தள்ளுது! வெறியேதான். குழந்தையத் தூக்கிட்டு உள்ள போ."

நான் கால்நடை டாக்டருக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர், "பூச்சிமருந்து வேலையா இருக்கலாம், கையில உறை போட்டு முதல்ல சோப்புத் தண்ணி விட்டுக் கழுவுங்க, உடனே கொண்டு வாங்க" என்றார். 'இருக்கலாம்' என்று சொன்னதுதான் வினையானது. வீட்டில் ஒருவரும் கழுவக் கிட்டே போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த நானும் போகவில்லை.

கணவர் தெருவில் ஒருவரிடம் குட்டியானை சுமை வண்டியை வாங்கி வந்தார். எட்ட நின்று சாக்கைப் போட்டு மூடி, மாமனாரும் அவருமாக நாயை வண்டியில் ஏற்றினார்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தபோதுகூட அப்படித்தான் கேட்டேன்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். மாமியார்தான் பதில் சொன்னார். "பைரவர் வாகனம்மா, அடிச்சுக் கொல்லக் கூடாது. ஆத்தைத் தாண்டி விட்டுட்டா நம்மளத் தேடி வராது, பாவமும் சேராது."

"அந்தப் பக்கம் குழந்தைங்க இல்லையா அத்தை?"

"ஊர் குழந்தைக்கெல்லாம் நீதான் அம்மாவா?"

கணவரிடம் டாக்டர் சொன்ன பத்து நாள் கணக்கைச் சொல்லி அழுதேன். "கண்ணு முன்னாடி இருந்தா நீதான் பயந்துக்கிட்டே இருப்பே. உனக்காகத்தான் விட்டேன்" என்றார்.

எனக்காக! என் மகளுக்கு ஆபத்து இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே உயிரை, எனக்காகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். ஊசிகளை எல்லாம் முடித்தோம். டாக்டர் தைரியம் சொன்னார். ஆனாலும் அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் தொண்டையைப் பார்ப்பேன். டம்ளரைத் தட்டிவிட்டால் மறுபடி நிரப்பி நீட்டுவேன். "வேண்டாம்" என்று அவள் சொன்னால், விளையாட்டா, வேறு ஏதாவதா என்று முகத்தையே பார்ப்பேன். அந்த மழைக்காலம் முழுக்க ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் ஓயாமல் பஸ்ஸும் லாரியும். நாய் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதனால் செத்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

சம்பா அறுவடை முடிந்தது. மேட்டூர் அணையை மூடி, ஆறு வெறும் மணலானது. மாசியில் ஒரு நாள் மகள் வாசல் கேட் அருகே நின்று கத்தினாள். எலும்பும் தோலுமாக, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, நாய் வெளியே நின்றிருந்தது. மணலில் நடந்தே வந்திருக்கிறது. நாங்கள் செய்யாததை ஐப்பசி மழை செய்து, அதன் மேலிருந்த மருந்தைக் கழுவியிருக்க வேண்டும்.

"பாத்தியா, வீட்டை மறக்கல. நான்தான் சொன்னேன்ல, நல்ல நாயின்னு" என்றார் மாமியார்.

கணவர் இட்லியை விண்டுகொண்டே, "அப்ப வெறி இல்ல போல" என்றார். போல! அந்த ஒரு சொல்லோடு என்னுடைய நான்கு மாதமும் முடிந்துபோனது.

பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சினை பார்க்க வந்த கால்நடை டாக்டரை நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். நாயின் வாயைத் துணியால் கட்டிவிட்டுக் காதுக்குள்ளே பார்த்தார். "காது முழுக்கச் சீழ். தொட்டா எந்த நாயும் பாயும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்று காதில் விடச் சொட்டு மருந்தும், உண்ணிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுத்துவிட்டேன். சொட்டு மருந்து காலையும் மாலையும் விட வேண்டும். நாயைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஆள் வரவில்லை. நான் கையைக் கொண்டுபோனால் உறுமுகிறது. நான் பின்வாங்கிவிடுகிறேன். மகளோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது 'வா வா'ன்னு கூப்பிடுது" என்கிறாள்.

காது ஆறி, அது பழையபடி ஆனால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால், ஆனியில் தண்ணீர் வந்ததும் இந்தத் தடவை காவிரிக்கும் வடக்கே ஓடும் கொள்ளிடத்தைத் தாண்டி விடுவதாக வீட்டில் பேச்சு.

சிறு குழந்தையையும் நாயையும் ஒரே வீட்டில் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு முறை பல் பட்ட நாயைக் குழந்தை அருகே எப்போது விடலாம், விடவே கூடாதா? ஒற்றை ஆளாக வாயைக் கட்டிக் காதில் மருந்து விடுவது எப்படி? அது உறுமும்போது நான் கையை எடுத்துவிட வேண்டுமா, அப்படியே வைத்திருக்க வேண்டுமா? ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் எழுதுங்கள்.