கரியாலூர்ப் பாறையில் இல்லாத வளைவு

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் வந்தது. மகேஸ்வரியின் தங்கை. "அக்கா, எங்க அக்கா காலைல போய்ட்டாங்க" என்றாள். இரண்டு ஆண்டுகளாக நோயோடு இருந்தவள்தான். ஆனாலும் அலுவலகம் போகும் அடுத்த பஸ் வந்து நின்றபோது என்னால் ஏற முடியவில்லை. எதிர்ப்பக்கம் போய்க் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினேன்.

எங்களோடு நிலவியல் படித்த உங்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டும் கூலி வீட்டுப் பெண். பின்னாளில் மலைமேல் பள்ளி ஆசிரியை. ஆனால் உங்களில் பலர் அவளைக் கருத்தரங்கு வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டவளாகத்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். கரியாலூர் ஓடையோரப் பாறைகளில் வரிவரியாக ஓடும் கோடுகள் எந்தத் திசையில் போகின்றன என்று அளக்க வேண்டும். ஆளுக்கொரு காம்பஸ். பாறைத் துண்டு உடைத்தெடுக்கும் சுத்தியல் என்னிடம். ஓடைக்கு மேற்பக்கம் அவள், கீழ்ப்பக்கம் நான். அளவுகளை வரைபடத்தில் குறித்தபோது, ஓடையைத் தாண்டியதும் கோடுகள் சட்டென்று வளைந்தன. பேராசிரியர் பூரித்துப்போனார். "கருத்தரங்குல வாசிக்கணும்மா இத" என்றார். அந்த வளைவைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன்.

ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கையில், அட்டவணையைப் படியெடுத்துக்கொண்டிருந்த மகேஸ்வரி பேனாவை வைத்துவிட்டாள்.

"உன்னுது எல்லாமே ஒரே பக்கமா சாஞ்சிக்கினு இருக்குடி. சுத்தியல எங்க வச்சிருந்த?"

"இடுப்புலதான்."

ஆய்வகத்திலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து காம்பஸ் அருகே பிடித்தாள். முள் திரும்பியது. நான் அட்டவணையை மூடினேன்.

"விட்டுடுடி. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"நாம போய்ப் பாப்போம். பாறை அங்கயேதான இருக்கு."

மறுநாள் தூறல். மலையேறும் பஸ்ஸில் நான் அவளை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சுத்தியலை டீக்கடையில் கொடுத்துவிட்டு ஓடையில் இறங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் இருவரும் தனித்தனியாக அளந்து, பிறகு எண்களை ஒப்பிட்டோம். ஒப்பிட ஒப்பிட என் வளைவு நிமிர்ந்துகொண்டே வந்தது. பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாடி அழுவுற? நோட்ட மூடு, நனையுது" என்றாள். பிறகு அடுத்த பாறைக்குப் போய்விட்டாள். மறுநாளும் போய் மீதியை முடித்தோம்.

கோடுகள் நேராகவே ஓடுகின்றன என்று முடிவுரையை மாற்றினோம். அதற்கு மேலே அவள் ஒரு வரி சேர்த்தாள்: "எங்கள் முதல் அளவுகளில் இரும்புச் சுத்தியலால் பிழை நேர்ந்தது, மீண்டும் அளந்தோம்." மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தோம். பேராசிரியர் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப புதுசா ஒண்ணும் இல்ல. மொதல்ல யாரு அளந்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நாங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றாள் மகேஸ்வரி.

மதிப்பெண் குறைந்தது. கருத்தரங்குக்கு வேறு இருவர் போனார்கள். அட்டவணை அவள் கையெழுத்தில் இருந்ததால், பிழையும் அவளுடையது என்று வகுப்பே முடிவுகட்டியது. 'சுத்தி மகேசு' என்று பெயர் வைத்தீர்கள். அவளும் சிரித்தாள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சில மாதங்களுக்கு முன் மருத்துவமனையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, "அன்னைக்கு ஏன்டி என்னக் காட்டிக்குடுக்கல?" என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை அவள்.

"பேப்பர்ல ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு. அப்புறம் இன்னா உன்னுது என்னுது?"

அவள் அப்படிச் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது. அவளை அறிந்த எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு அளந்தவள் நான். அதைக் கண்டுபிடித்தவளும், திருத்தியே தீரவேண்டும் என்று மழையில் என்னை இழுத்துப் போனவளும் அவள்.

சந்தேகம் வந்த இடத்துக்குத் திரும்பிப் போவது என்ற அவளுடைய பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இப்போது நிலத்தடி நீர் அளக்கும் வேலையில் இருக்கிறேன். அவளை வழியனுப்பிவிட்டு வந்தபின், அதிகாரியின் கையெழுத்துக்குப் போயிருந்த என் அறிக்கை ஒன்றை நேற்று திரும்ப வாங்கிவிட்டேன். இரண்டு கிணறுகளின் நீர்மட்ட அளவு உறுத்துகிறது. திங்கட்கிழமை நானே போய் அளக்கிறேன். பிழை என்னுடையதாக இருந்தால், இந்த முறை என் பெயரைப் போட்டே எழுதுவேன்.