அம்மாவின் சைக்கிளுக்குப் போட்ட ஒட்டு

எங்கள் வீட்டில் தீர்ப்புகள் பின்னேரத் தேநீரோடு வழங்கப்படும். அம்மாவின் இடக்கையிலிருந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்றும் அப்படித்தான் நடந்தது. அப்பா தேநீர்ப் பேணியைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், அம்மாவையும் பாராமல், முற்றத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இனிச் சைக்கிள் வேண்டாம். பள்ளிக்கூடம் துவங்கினால் நான் மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன். மத்தியானம் வந்து ஏத்திறன்."

அம்மா முன்பள்ளி ஆசிரியை. புத்தூரில் எங்கள் ஒழுங்கையால் போய், பருத்தித்துறை வீதியைக் கடந்து, வாழைத்தோட்டங்களுக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வருபவர். மழைநாள் ஒன்றில் ஒழுங்கை திரும்பும் முடக்கில் நாயொன்று குறுக்கே பாய, விழுந்து மயங்கி, மணிக்கட்டையும் முறித்துக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரி மரவாங்கில் அப்பா குந்தியிருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். வெங்காயத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த கோலம், காலில் செம்மண் காயவில்லை, யார் என்ன கேட்டாலும் "அவ முழிச்சிட்டாவே?" என்பதைத் தவிர வேறு சொல் அவரிடம் இல்லை. ஆகவே அவருடைய தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமேதும் இருக்கவில்லை. ஆனாலும் நான் எழுந்தேன்.

பேசத் தெரிந்தவள் நான். பாடசாலை நாள்களிலிருந்து பல்கலைக்கழகம் வரை விவாத மேடைகளில் அணித்தலைவியாக நின்றிருக்கிறேன். எதிரணியின் முதல் வாக்கியத்திலேயே அதன் கடைசி வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது மிகையன்று. வீழ்ந்தவர் மீண்டும் ஏறுவதே அச்சத்துக்கு மருந்து என்று தொடங்கி, ஒருவரின் பாதுகாப்புக்காக அவருடைய நடமாட்டத்தைப் பறிப்பது எத்தகைய முரண் என்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேடையாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கைதட்டல் விழுந்திருக்கும்.

"நல்லாக் கதைக்கிறாய் பிள்ளை," என்று சொல்லிவிட்டு அப்பா ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விட்டார்.

அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"நீ இனி வாய் திறவாதை. நீ கதைக்கக் கதைக்க அந்த மனிசன் விறைக்கும். சைக்கிள் ஓடுற நிலையிலை இருக்கோ எண்டு மட்டும் பார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் துவங்க நான் எடுத்துக்கொண்டு போறன். படலையடியிலை வைச்சு என்னைச் சைக்கிளாலை இறக்கியே விடப்போறார்?"

"அவ்வளவு அவசியமே அம்மா? அப்பா ஏத்தி இறக்கினால் உங்களுக்குச் சுகந்தானே?" எதிரணிக்காகவும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

அவர் அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "இஞ்சை நான் அம்மா. அங்கை ரீச்சர். இடையிலை சைக்கிளிலை போற அந்தக் கொஞ்ச நேரந்தான் என்னை ஒருத்தரும் கூப்பிடாத நேரம்."



எங்கள் வீட்டில் சைக்கிள்களின் சுகதுக்கம் என் பொறுப்பு. ரியூஷனுக்கு ஓடித் திரிந்த காலத்தில் கைவந்த வேலை அது; மேடைப்பேச்சுக்கு நிகராக நான் பெருமைப்படும் மற்றொரு திறமையும் அதுவே. சனிக்கிழமை காலை, அப்பா தோட்டத்துக்கு இறைக்கப் போன பின்னர், கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கிடந்த அம்மாவின் சைக்கிளைக் கிணற்றடிக்குத் தள்ளிவந்து தலைகீழாக நிறுத்தினேன். செயின் துருப்பிடித்திருந்தது. பிறேக் கட்டைகள் தேய்ந்திருந்தன. பின் ரயர் சப்பையாகி றிம்மோடு ஒட்டிக் கிடந்தது. ரியூப்பைக் கழற்றிக் காற்றடித்து, நானும் அம்மாவுமாக வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினோம். ஓரிடத்திலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. அம்மா சின்னப்பிள்ளையைப் போல விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தா, இஞ்சை!"

ஒட்டுப் போடுவது எளிய வேலை. ஓட்டையைச் சுற்றிச் சொரசொரப்பான கடதாசியால் உரஞ்ச வேண்டும். சொலூசன் பசை பூச வேண்டும். அது ஈரம் போய்ப் பிசுபிசுக்கும் வரை பொறுத்திருந்து, ஒட்டை வைத்து அமத்த வேண்டும். பின்னர் ஒட்டு ரயரோடு பிடித்துக்கொள்ளாதிருக்க மேலே பவுடர் தூவுவார்கள். எங்கள் வீட்டில் பவுடருக்குப் பதில் திருநீறு. அது அப்பாவின் வழக்கம். ஒட்டுக்கும் நல்லது, ஓடுகிறவருக்கும் நல்லது என்பார்.

சொலூசன் காயும் நேரத்தில் சும்மா இருப்பது எனக்குக் கைவராது. ரியூப்பை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பிறகு ஒட்டை வைத்து அமத்தி, திருநீறு தூவி, ரயரைப் பூட்டிக் காற்றடித்தோம். ரயர் கல்லுப்போல நின்றது. பின்னேரம் பார்த்தபோது சப்பையாகிக் கிடந்தது.

ஞாயிறு காலை மீண்டும் கழற்றினேன். ஒட்டு நகத்துக்கே உரிந்து வந்தது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் பொருக்கு இருந்தது. சொலூசன் பழசாகிக் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, அதை அம்மாவுக்கு விளக்கியும் காட்டினேன். வெயிலில் கிடந்த ரப்பரின் இயல்பு, மலிவுச் சரக்கின் குணம், றிம்மின் துரு என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன.

"அப்ப சந்திக் கடையிலை புது ரியூப் வாங்குவம்," என்றேன்.

"வேண்டாம், வேண்டாம். அவன் அப்பாவைக் கண்ட உடனை, 'என்ன அண்ணை, ரீச்சர் திரும்ப ஓடப்போறாவோ' எண்டு கேப்பான். இன்னொருக்கா ஒட்டிப் பார்."

உரஞ்சினேன். பூசினேன். அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, என்னிடம் மிச்சமிருந்த புதிய பிறேக் கட்டைகளைப் பூட்டத் திரும்பினேன். நட்டு முடுக்கும் சாவி கைக்கெட்டவில்லை. அதை எடுக்க வழக்கத்தை விட முன்னரே திரும்பியபோதுதான் கண்டேன். அம்மா கண்களை மூடியிருந்தார். உதடுகள் அசைந்தன. வலக்கையின் மூன்று விரல்களில் திருநீறு எடுத்து, காயாத சொலூசனின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

அவர் திடுக்கிட்டார். "அப்பா பூசுறவர்தானே."

"அவர் ஒட்டினாப் பிறகெல்லோ பூசுறவர்! இப்பிடிப் பூசினால் எப்பிடி ஒட்டும்? நேற்றும் இதைத்தான் செய்தனீங்களோ?"

"ஓம்." தலையைக் குனிந்துகொண்டார். "ஒட்டினாப் பிறகு பூசினால் வெளியிலைதானே இருக்கும். உள்ளுக்கை இருந்தால் நல்லதெண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சற்றுமுன் ரப்பரையும் துருவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய என் வாதங்களை நினைத்தும் சிரிப்பு வந்தது. ஆனால் மடியிலிருந்த ரியூப் ஒரு பிடிக்குள் நசுங்கிக் கிடந்தது. அதைப் பிடித்திருந்தது முறிந்து பொருந்திய அந்த இடக்கை.

நான் அவருக்குப் பக்கத்தில் கிணற்றுக்கட்டில் இருந்தேன்.

"பயமாக் கிடக்கோ?"

"நித்திரையிலையும் அந்த முடக்குத்தான் வருது பிள்ளை. கை தன்ரை பாட்டிலை பிறேக்கை இறுக்குது. விடியப் பார்த்தால் போர்வையை முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன்."

"அப்ப விடுவமே? அப்பாவோடையே போங்கோவன்."

"பயமெண்டு சொன்னனான். போகேல்லை எண்டு சொன்னனானே?"

அச்சத்தைப் பற்றி நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்று அந்தச் சொற்களில் ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. என் வாதங்களுக்கெல்லாம் முன்னரே அவர் முடிவெடுத்துவிட்டார். பயத்தோடேயே எடுத்திருந்தார். அதற்குத் துணைநிற்பதை விட எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. ரியூப்பை வாங்கித் துப்புரவாகத் துடைத்து, மறுபடி உரஞ்சி, சொலூசனை அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தமுறை நீங்கள் பூசுங்கோ. பூசிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேணும்."

"சரியடி, பெரிய பாஸ்!"

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, அது காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒட்டை வைத்ததும் அவர் இடக்கைப் பெருவிரலால் அமத்தினார். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. போதும் என்று நான் சொன்ன பிறகும் எடுக்கவில்லை. பின்னேரம் ரயர் அப்படியே நின்றது. முற்றத்தில் அம்மா மெதுவாகச் சைக்கிளில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் படலை திறந்தது. தோளில் மண்வெட்டியோடு அப்பா.

அம்மா காலை ஊன்றி நின்றார். சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?" என்றார் அப்பா.

"ஓம்," என்றார் அம்மா.

இதற்கு எந்த நடுவரும் புள்ளி வழங்கியிருக்க மாட்டார். ஆனால் அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். அது கோபமா, யோசனையா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

திங்கள் காலை அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணி, அதன்மேல் இருந்தபடி படலையடியில் காத்திருந்தார். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, கூடைக்குள் கைப்பையை வைத்துச் சைக்கிளைத் தள்ளியபடி அவருக்குக் கிட்டப் போனார்.

"ஏறச் சொல்லேல்லை," என்றார் அப்பா. "நான் பின்னாலை வாறன். அவ்வளவுதான்."

"வேண்டாமப்பா. பின்னாலை உந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் பதறும்."

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். தீர்ப்பு வழங்கிய நாளிலிருந்து அவர் அப்படி நேரே பார்த்தது அப்போதுதான். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

"பிறேக்?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டும் பிடிக்குது அப்பா."

அம்மா ஏறினார். கைப்பிடி முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிப் பின்னர் நேரானது. ஒழுங்கையால் மெதுவாகப் போனார். அப்பாவும் நானும் படலைக்கு வெளியே வந்து நின்றோம். முடக்குக் கிட்ட வந்தது. அங்கே சைக்கிள் நின்றது. அம்மா இறங்கிவிட்டார்.

"இறங்கிட்டா," என்று அப்பா ஒரு அடி முன்னே வைத்தார்.

"நில்லுங்கோ அப்பா."

அம்மா கொஞ்ச நேரம் அங்கே நின்றார். பின்னர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முடக்கால் நடந்து திரும்பி எங்கள் பார்வையிலிருந்து மறைந்தார். முடக்குக்கு அப்பால் ஒழுங்கையோரம் மதில். அதற்கு மேலால் போகிறவர்களின் தலை மட்டுமே தெரியும். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதன் பாரம் கூடிக்கொண்டே வந்தது. அம்மாவின் தலை மதிலுக்கு மேலே தெரிந்தது. நடப்பவரின் தலையாக, அடிக்கு அடி மேலும் கீழுமாக அசைந்துகொண்டு சிறிது தூரம் போனது. நின்றது. குனிந்ததுபோல ஒரு கணம் முழுதாகக் காணாமற்போனது.

அது மீண்டும் தெரிந்தபோது முன்னதைவிடச் சற்று உயரத்தில் இருந்தது. அசையவில்லை. மதிலின் விளிம்போடு ஒரே நேராக, வழுக்கிக்கொண்டு போவதைப் போல, பெரிய வீதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.