வெறும் குழாயில் விளைந்த மல்லாட்டைச் சத்து

தரவைச் சுத்தம் செய்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: சுத்தம் செய்யச் செய்ய மேலதிகாரியின் முகம் வாடும்.

கணினியோடு மாரடிக்கிறவர்களுக்கு இது தெரியாததல்ல. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. மாஸ் ஸ்பெக் இயந்திரம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் சாற்றில் உள்ள பொருள்களை எடைபார்த்து, கணினியில் முகடு முகடாக வரையும். எது பயிருடையது, எது குப்பை என்று நான் பிரிக்க வேண்டும்.

அம்மாவுக்கு விளக்கம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். காணை கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் அம்மாவிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதாவது மல்லாட்டையில கல்லு பொறுக்கற. அத நான் களத்துல பண்ணிக்கினுதான இருக்கேன், உன்ன எதுக்குடா படிக்க வச்சேன்?”

தொடாதே

வறட்சி தாங்கும் ரகத்தில் மட்டும் ஒரு முகடு உயரமாக நின்றது. புதுச் சத்து என்று முடிவு கட்டினார் ஆய்வகத் தலைவரான எங்கள் சார். திங்கட்கிழமை நிதி கொடுக்கும் நிறுவனத்தார் வருகிறார்கள். என் ஒப்பந்த நீட்டிப்பும் அன்றுதான் முடிவாகும்.

எனக்கு உறுத்தியது. சாறு கலக்காத வெறும் கரைப்பானையும் இயந்திரத்தில் ஓட்டி, அதில் தெரிவதைக் கழிக்க வேண்டும். இயந்திர நேரம் வீண் என்று இங்கே அதை யாரும் செய்வதில்லை. பக்கத்து மேசை சுமதி அக்காவிடம் கேட்டேன்.

“செட்டிங்கைத் தொடாத தம்பி. முன்னாடி இருந்தவன் தொட்டான். இப்போ விழுப்புரம் பஸ் ஸ்டாண்டாண்ட செல்போன் கவர் வித்துக்கினு இருக்கான்.”

வெறும் குழாய்

தொட்டேன். அந்த ரகத்தின் சாற்றை மட்டும் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் குழாய்களில் ஊற்றியிருந்தார்கள். அதே பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, கரைப்பானை மட்டும் ஊற்றி ஓட்டினேன். அதே முகடு, அதே உயரம்.

வரைபடத்தைச் சாரிடம் கொண்டுபோய், “மல்லாட்டையே போடலைங்க சார், அப்பவும் வருதுங்க” என்றேன். அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“பக்கத்துல மல்லாட்டை வச்சிருந்திருப்ப. வாசனை ஏறியிருக்கும்.”

திங்கட்கிழமை

திரையில் பழைய வரைபடமே வந்தது. வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “வெறும் கரைப்பானை ஓட்டிக் கழிச்சுப் பாத்தீங்களா?” என்றார். சுமதி அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். காலை இழுத்துக்கொண்டு சொன்னேன்:

“கழிச்சா இந்த முகடு நிக்காதுங்க மேடம். அது குழாயிலருந்து வருதுங்க.”

அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார். அவர்கள் கார் ஏறிப்போன பிறகு, சார் என் தோளில் கைபோட்டுத் தேநீர்க் கடைவரை அழைத்துப்போனார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நேர்மையா இருக்கறது நல்லதுதான்பா. நிதி வந்த பிறகு இருந்திருக்கலாம்.”

நீட்டிப்பு கிடைக்கவில்லை, அந்தக் குழாய் செய்யும் கம்பெனிக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அவர்கள் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று என்னளவு தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் வேறு யாருமில்லை.